காலும் காகிதமும்: ஒரு ஃபுல்-பேக்கின் பொருளியல்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களை நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்க்கும் இளைஞர்கள் இன்று விருதுநகரிலும் சிவகாசியிலும்கூட இருக்கிறார்கள். கோல் அடிப்பவர்களின் பெயர்களையும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தொழிலாளர் பொருளியலைக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனம் வேறொருவர் மீது செல்கிறது. ஆடுகளத்தின் ஓரக் கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும் ‘ஃபுல்-பேக்’தான் அவர். உடலை மூலதனமாகக் கொண்ட ஒரு தொழில் எப்படி மதிக்கப்படுகிறது, அந்த உடல் பழுதானால் என்ன ஆகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவரது வாழ்க்கைப் பாதையில் விடை இருக்கிறது. அந்தக் கேள்விகள் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் எங்கள் பகுதிக்கும் அந்நியமானவை அல்ல.

இரண்டு வேலை, ஓர் ஆள்

ஓர் அணியில் 11 பேர். கோல் காவலருக்கு முன்னால் வழக்கமாக நான்கு தடுப்பாட்டக்காரர்கள் நிற்பார்கள். அந்த நால்வரில் இடப்பக்க ஓரத்திலும் வலப்பக்க ஓரத்திலும் நிற்பவர்களே ஃபுல்-பேக்குகள். எதிரணியின் ஓர முன்கள வீரர் பந்துடன் உள்ளே நுழையாமல் தடுப்பதுதான் அவர்களது அடிப்படை வேலை. நெடுங்காலம் அது மட்டுமே வேலையாக இருந்தது. நடுக்கோட்டைத் தாண்டிச் செல்லும் ஃபுல்-பேக் தன் இடத்தை விட்டு ஓடிவிட்டவராகவே பார்க்கப்பட்டார்.

தாக்குதல் ஆட்டத்தில் தேர்ந்த ஃபுல்-பேக் இந்த வரையறையை உடைத்தார். தன் அணியிடம் பந்து இருக்கும்போது, தனக்கு முன்னால் நிற்கும் சக வீரரைச் சுற்றிக்கொண்டு ஓரமாக முன்னேறி, எதிரணியின் கோல் பகுதிக்குப் பந்தை அனுப்புவார். பந்து பறிபோன மறுகணமே பின்னால் திரும்பித் தன் இடத்துக்கு ஓடி வருவார். ஆடுகளத்தின் நீளம் சுமார் 105 மீட்டர். 90 நிமிட ஆட்டத்தில் அந்த நீளத்தின் பெரும்பகுதியை அவர் பலமுறை முழு வேகத்தில் கடக்க வேண்டியிருக்கிறது.

இதன் பொருளியல் எளிமையானது. ஓர் ஆலை முதலாளி கூடுதல் உற்பத்தி வேண்டுமானால் கூடுதல் ஆட்களை வேலைக்கு எடுப்பார். கால்பந்துப் பயிற்சியாளருக்கு அந்த வழி இல்லை. 11 பேர் என்பது மாற்ற முடியாத எண். எனவே ஒருவரே இரண்டு பேரின் வேலையைச் செய்தால்தான் கூடுதல் பயன் கிடைக்கும். தடுக்கும்போது நான்காவது தடுப்பாட்டக்காரராகவும், தாக்கும்போது கூடுதல் முன்கள வீரராகவும் மாறும் ஃபுல்-பேக் அந்தத் தேவையை நிறைவேற்றுகிறார். அதற்கான விலையை அவரது தொடையும் முழங்காலும் கணுக்காலும் கொடுக்கின்றன.

20 பவுண்டிலிருந்து 12 கோடி பவுண்டுக்கு

இங்கிலாந்தில் இந்தப் பாணியின் முன்னோடிகளில் முதன்மையானவர் ஜிம்மி ஆர்ம்ஃபீல்ட். பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரத்தின் அணிக்காக 1954 முதல் 1971 வரை 600க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியவர். வேறு எந்த அணிக்கும் போகவில்லை. அவருக்கு முன்னால் வலப்பக்க ஓரத்தில் ஆடியவர் புகழ்பெற்ற ஸ்டான்லி மாத்யூஸ். எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் மாத்யூஸைச் சூழ்ந்துகொள்ளும்போது, அவருக்கு வெளிப்பக்கமாக ஓடி முன்னேறும் வழக்கத்தை ஆர்ம்ஃபீல்ட் உருவாக்கிக்கொண்டார். இங்கிலாந்து அணிக்காக 43 ஆட்டங்களில் ஆடினார்.

ஆனால் இங்கிலாந்தின் லீக் ஆட்டக்காரர் எவ்வளவு திறமை காட்டினாலும் 1961 வரை அவரது வார ஊதியம் 20 பவுண்டைத் தாண்ட முடியாது. அணிகள் தமக்குள் வகுத்துக்கொண்ட உச்சவரம்பு அது. 1907இல் தொடங்கப்பட்ட ஆட்டக்காரர் சங்கம், ஜிம்மி ஹில்லின் தலைமையில் வேலைநிறுத்த அறிவிப்பு வரை சென்ற பிறகே 1961 ஜனவரியில் அந்த வரம்பு நீங்கியது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரைப் பிடித்துவைத்திருக்கும் நடைமுறையை ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் 1963இல் இங்கிலாந்து நீதிமன்றம் தளர்த்தியது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுக் கட்டணம் ஏதுமின்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டு அணிக்குச் செல்லும் உரிமையைத் தந்தது. இன்றைய ஊதியங்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் ஒரு காரணம். சங்கமும் சட்டமும் மற்றொரு காரணம். இதை நம் இளைஞர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

ஃபுல்-பேக்கின் சந்தை மதிப்பு உயர்ந்தது பின்னர்தான். நடுப்பகுதியில் எதிரணியினர் நெருக்கமாக நிற்கும்போது வெற்றிடம் ஓரங்களில்தான் கிடைக்கிறது. ஓர முன்கள வீரர்கள் கோலை நோக்கி உள்ளே நகரத் தொடங்கியதும் அந்த ஓரம் ஃபுல்-பேக்குகளின் உடைமையாயிற்று. 2017 கோடையில் மான்செஸ்டர் சிட்டி அணி கைல் வாக்கர், பெஞ்சமின் மெண்டி, டேனிலோ ஆகிய மூன்று ஃபுல்-பேக்குகளை வாங்க 12 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டது.

அதே கோடையில் லிவர்பூல் அணி ஆண்டி ராபர்ட்சனை வாங்கியது. தொடக்க விலை 80 லட்சம் பவுண்டு. கிளாஸ்கோவின் செல்டிக் அணி 15 வயதில் கைவிட்ட சிறுவன் அவர். பிறகு, அப்போது ஊதியமில்லாத அமெச்சூர் அணியாக இருந்த குயின்ஸ் பார்க்கில் ஆடி, டண்டீ யுனைடெட், ஹல் சிட்டி வழியாக மேலே வந்தார். இடப்பக்கம் ராபர்ட்சன், வலப்பக்கம் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் என இரண்டு ஃபுல்-பேக்குகள் கோலுக்கு வழிவகுத்த பந்துகளால் லிவர்பூல் 2019இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும், 2020இல் பிரீமியர் லீக் கோப்பையையும் வென்றது. சந்தை கொடுக்கும் விலையும் ஆட்டக்காரர் தரும் பயனும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்புவோருக்கு 2017 கோடை ஒரு நல்ல மறுப்பு.

கொல்கத்தா தாயின் மகன்

இந்தப் பாதையில் இந்தியத் தொடர்புள்ள ஒருவர் உண்டு. வேல்ஸ் நாட்டின் நீல் டெய்லர். 1989இல் வடக்கு வேல்ஸில் பிறந்தவர். தாய் கொல்கத்தாவைச் சேர்ந்தவர். இடப்பக்க ஃபுல்-பேக். மான்செஸ்டர் சிட்டியின் இளையோர் அணி 15 வயதில் அவரை விடுவித்தது. ரெக்ஸ்ஹாம் என்ற சிறிய அணியில் மீண்டும் தொடங்கி, 2010இல் ஸ்வான்சீ சிட்டிக்குச் சென்றார். அடுத்த ஆண்டே அந்த அணி பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்காக ஆடினார்.

ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில், 2012 செப்டம்பர் 1 அன்று சண்டர்லேண்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவரது கணுக்கால் முறிந்தது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதி போயிற்று. ஆனால் வாழ்க்கை போகவில்லை. திரும்பி வந்து, 2016 ஐரோப்பியக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக வேல்ஸுக்காக ஒரு கோல் அடித்தார். அந்தத் தொடரில் வேல்ஸ் அரையிறுதி வரை சென்றது. 2017இல் ஆஸ்டன் வில்லாவுக்கு மாறினார். அந்த அணியும் 2019இல் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. கடைசியாக மிடில்ஸ்பரோ அணியில் ஆடி, 2022இல் 33 வயதில் ஓய்வு பெற்றார். மற்ற தொழில்களில் ஒருவர் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வயது அது.

காயத்தின் மறுபக்கத்திலும் டெய்லர் நின்றிருக்கிறார். 2017 மார்ச் 24 அன்று டப்ளினில் நடந்த ஆட்டத்தில் அவர் காலை நீட்டிப் பந்தைப் பறிக்க முயன்றபோது, அயர்லாந்தின் வலப்பக்க ஃபுல்-பேக் சீமஸ் கோல்மனின் கால் முறிந்தது. டெய்லர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ் அணியிலிருந்து 2009இல் வெறும் 60,000 பவுண்டுக்கு எவர்டன் அணிக்கு வந்து, இங்கிலாந்தின் சிறந்த தாக்குதல் ஃபுல்-பேக்குகளில் ஒருவராக வளர்ந்தவர் கோல்மன். பத்து மாதங்கள் கழித்து, 2018 ஜனவரி இறுதியில் அவர் மீண்டும் எவர்டனுக்காகக் களமிறங்கினார்.

இருவரும் திரும்பி வந்ததற்கு மருத்துவர்களின் திறமையும் அவர்களது மன உறுதியும் காரணங்கள். இன்னொரு காரணம், அவர்கள் படுத்திருந்தபோதும் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆடும்போது காயமடைந்த ஆட்டக்காரருக்கு முதல் 18 மாதங்கள் அடிப்படை ஊதியத்தை முழுமையாகத் தர வேண்டும் என்று பிரீமியர் லீக்கின் பொது ஒப்பந்தப் படிவம் கூறுகிறது. தேசிய அணிக்காக ஆடும்போது நீண்டகாலக் காயம் ஏற்பட்டால், ஊதியம் கொடுக்கும் அணிக்கு இழப்பீடு தர 2012 முதல் ஃபிஃபாவின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அணியின் பெருந்தன்மையை நம்பி ஆட்டக்காரர் இருக்க வேண்டியதில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

இரவிபுத்தன்துறையிலிருந்து ஒருவர்

இந்த ஆட்டத்தில் நம் தமிழர் எங்கே? பார்ன்ஸ்லி அணியின் இளம் நடுக்கள வீரர் விமல் யோகநாதன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்தவர். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் தமிழ்ப் பெயரைப் பதித்திருக்கிறார். தமிழ்நாட்டில் தாக்குதல் ஃபுல்-பேக்கின் வேலையைச் செய்தவர்களில் என் நினைவுக்கு முதலில் வருபவர் மைக்கேல் சூசைராஜ்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்னும் மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர் அவர். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் இடப்பக்க நடுக்கள வீரராக ஆடிப் பெயர் பெற்றார். 2018இல் ஜாம்ஷெட்பூர் அணி வழியாக இந்தியன் சூப்பர் லீக்குக்கு (ஐஎஸ்எல்) வந்தார். 2019இல் கொல்கத்தாவின் ஏடிகே அணி அவரை எடுத்தது. ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தி, இரு ஓரங்களையும் முழுவதுமாக இருவரிடம் ஒப்படைத்தார். வலப்பக்கம் பிரபீர் தாஸ். இடப்பக்கம் சூசைராஜ். அந்தப் பருவத்தில், 2020 மார்ச்சில், ஏடிகே கோப்பையை வென்றது.

எட்டு மாதங்கள் கழித்து, 2020 நவம்பர் 20 அன்று, புதிய பருவத்தின் முதல் ஆட்டம். எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகும் முன்பே முழங்காலைப் பிடித்துக்கொண்டு சூசைராஜ் களத்தை விட்டு வெளியேறினார். முழங்காலின் தசைநார் கிழிந்திருந்தது. அந்தப் பருவம் அவருக்கு அத்துடன் முடிந்தது. முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, எதிர்த்திசையில் திரும்புவதுதான் ஓரத்தில் ஆடுபவரின் அன்றாட வேலை. முழங்கால் அவருக்கு வெறும் உறுப்பு அன்று, கருவி.

முந்தைய தலைமுறைத் தமிழ்நாட்டு ஆட்டக்காரருக்கு வேறு விதமான பாதுகாப்பு இருந்தது. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களை ஊழியர்களாகவே வேலைக்கு எடுத்துக்கொண்டன. பணம் குறைவு. ஆனால் கால் போனாலும் நாற்காலி போகாது. ஓய்வூதியமும் உண்டு. 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல் அதைவிடப் பன்மடங்கு ஊதியத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அது சில ஆண்டு ஒப்பந்தம்; நிரந்தர வேலை அன்று. அதிக வருவாய்க்கு ஈடாக அதிக இடரை ஆட்டக்காரர் ஏற்றுக்கொண்டார். அத்தகைய பேரம் தவறன்று. ஆனால் இடரை யார் எவ்வளவு சுமப்பது என்பது எழுத்தில் தெளிவாக இல்லையென்றால் அது பேரமே அன்று.

2025இல் அதன் விளைவைப் பார்த்தோம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல் போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010இல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்தது. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஜூலையில் போட்டி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சி அணி தன் செயல்பாடுகளையே நிறுத்தியது. இதில் எந்த ஆட்டக்காரருக்கும் காயமில்லை. யாரும் மோசமாக ஆடவில்லை. மேலே ஒரு காகிதத்தில் கையெழுத்து விழவில்லை. கீழே ஊதியம் நின்றது.

பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?

இந்தக் கடைசி வாக்கியம் சிவகாசிக்காரர்களுக்குப் புதிதன்று. 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு மூடிய ஆலை என்றால் வெறும் கை. சுற்றுச்சூழல் காரணங்களை நான் மறுக்கவில்லை. எங்கோ எடுக்கப்படும் முடிவின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே என் கேள்வி.

நீல் டெய்லரின் கணுக்கால் முறிந்த நான்காம் நாள், 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமன்று. அங்கே ஒருவரின் கணுக்கால், இங்கே உயிர்கள். விபத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது விபத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததா என்ற கேள்வி மட்டும் இரு இடங்களுக்கும் பொது.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லை என்று எண்ண வேண்டாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் (இஎஸ்ஐ) கீழ் வரும் ஒருவர் வேலையில் காயமடைந்தால், குணமாகும் வரை ஊதியத்தில் சுமார் 90 விழுக்காடு அவருக்குக் கிடைக்க வேண்டும். உயிரிழந்தால் சார்ந்திருப்போருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. சிவகாசியில் இஎஸ்ஐ மருத்துவமனையும் இருக்கிறது. இந்த ஓர் அம்சத்தில், காப்பீட்டில் முறையாகப் பதிவான பட்டாசுத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் உரிமை, பிரீமியர் லீக் ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் தரும் உரிமையின் அதே கொள்கையில் அமைந்தது.

சிக்கல் ‘பதிவான’ என்ற சொல்லில் இருக்கிறது. உரிமம் பெற்றவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர் என்று குத்தகைக்கு விடப்படும் அறைகளில் வேலை செய்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? அனுமதியின்றி வீட்டில் வைத்துத் திரி சுற்றுபவரின் பெயர்? முதலிப்பட்டியில் இறந்தவர்களில் உதவிக்கு ஓடிச் சென்ற ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. ஆக, பாதுகாப்பைத் தருவது தொழிலின் பெருமையோ, ஊதியத்தின் அளவோ அன்று. பெயர் எழுத்தில் இருப்பதும், அந்த எழுத்தை நிறைவேற்ற வைக்கும் அமைப்பு இருப்பதுமே பாதுகாப்பைத் தருகின்றன.

என்ன செய்யலாம்?

இந்தியக் கால்பந்துக்கு முதலில் தேவை, எல்லா அணிகளையும் கட்டுப்படுத்தும் ஒரே பொது ஒப்பந்தப் படிவம். காயமடைந்தால் எத்தனை மாதம், எவ்வளவு ஊதியம், சிகிச்சைச் செலவு யாருடையது, போட்டி நின்றால் என்ன என்பவை அதில் எண்களாக இருக்க வேண்டும். 2006இல் தொடங்கப்பட்ட இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்தைப் பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக ஏற்க வேண்டும். இங்கிலாந்தில் உச்சவரம்பை நீக்கியது ஆட்டக்காரர்களின் கால் அன்று, அவர்களது சங்கம்.

இரண்டாவது, இளையோர் பயிற்சியகங்கள் கல்வியைக் கைவிடக் கூடாது. இங்கிலாந்தின் பயிற்சியகங்களில் 16 வயதில் பயிற்சி ஒப்பந்தம் பெறும் சிறுவர்கள் ஆட்டத்துடன் படிப்பையும் தொடர வேண்டும். அவர்களிலும் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை என்பதை அந்த அமைப்பு அறிந்திருப்பதே காரணம். டெய்லரும் ராபர்ட்சனும் 15 வயதில் கைவிடப்பட்டு மீண்டவர்கள். மீளாதவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. வென்றவர்களை மட்டும் வைத்து ஒரு தொழிலை மதிப்பிடுவது லாட்டரியில் பரிசு விழுந்தவரை மட்டும் வைத்துச் சீட்டு வாங்குவது போன்றது.

மூன்றாவது, தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு பதக்கம் வென்றோரை நோக்கியே இருக்கிறது. சில ஆண்டுகள் மாநிலத்துக்கோ தொழில்முறை அணிக்கோ ஆடி, காயத்தால் வெளியேறியவர்களுக்கு உடற்கல்வி, பயிற்சியாளர் பணிகளில் ஒரு வழி திறக்கலாம். ஆர்ம்ஃபீல்ட் ஓய்வுக்குப் பின் லீட்ஸ் அணியின் மேலாளராகி, 1975 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை அதை அழைத்துச் சென்றார். பின்னர் பிபிசி வானொலியில் பல ஆண்டுகள் வர்ணனை செய்தார். ஒரு ஆட்டக்காரரின் அறிவு அவரது முழங்காலுடன் ஓய்வு பெறுவதில்லை.

மகனோ மகளோ கால்பந்தைத் தொழிலாக எடுக்க விரும்பினால் என்ன சொல்வது என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். நீட்டப்படும் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள், புரியாவிட்டால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், காயம் பற்றிய பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள், பட்டப்படிப்பை நிறுத்தாதீர்கள். பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேரும் பிள்ளைக்கும் என் அறிவுரை ஏறத்தாழ இதுவே: முதல் நாளே உங்கள் இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

(கட்டுரையாளர், ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்)